பதினாறு நாள் சுத்தம்

"ஓரத்தில பிடி மக்கா" என்று நேற்று உன் மகளிடம் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் அது என் பேச்சு இல்லை, உன் பேச்சு என்று உறைத்தது.

பனச்சமூட்டில் பஸ் இறங்கி, வெயிலில் நடந்தே வந்திருந்தாள். கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். உன் மனைவி இனி அவளோடு தங்கப் போவதால் உங்கள் வீட்டு அலமாரியை ஒழித்தார்களாம். உன் பாஸ்போர்ட்டுக்கு அடியில், வெண்ணெய்த்தாளில் மடித்து, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு சதுரக் கண்ணாடி. வாட்ச் கண்ணாடி என்று எறியப் போனவள், தாளில் உன் கையெழுத்தில் நம் ஆய்வகத்தின் பெயரைக் கண்டு என்னிடம் கொண்டு வந்துவிட்டாள். நடுவில் விரலை வைத்து அதை எடுத்துக் காட்டினாள் பார், அப்போதுதான் என் வாய் அப்படிச் சொன்னது.

அவள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுக்கிற டீச்சர், சும்மா விடுவாளா? இது என்ன, எதற்கு, அப்பா இதை என்ன செய்வார் என்று அடுக்கடுக்காகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் நன்றாகவே பதில் சொன்னேன். பேசத்தான் எனக்கு நன்றாக வருமே. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "இம்புட்டு நல்ல வேலையை அப்பா எதுக்கு மாமா விட்டாங்க?"

"கல்ஃபில அப்பம் நல்ல சம்பளம் உண்டும்மா" என்றேன்.

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். நீ போய் இத்தனை வருஷத்துக்குப் பிறகும், எழுபது வயதைத் தாண்டிய பிறகும், உன் மகள் முகத்தைப் பார்த்து எனக்குப் பொய் சொல்லத்தான் வந்தது. தகட்டை வகுப்பில் காட்ட வேண்டும், துடைத்துத் தாருங்கள் என்று என்னிடமே விட்டுப் போயிருக்கிறாள். அது இப்போது மேசைமேல் என் எதிரில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் வாயிலிருந்து நீ ஒருநாளும் கேட்டதில்லை.

நாம் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, குடியிருப்பவனுக்கே மனை என்று நிலச் சட்டம் வந்தது. எங்கள் தோட்டத்தின் தெற்கு மூலையில் இருந்த உங்கள் வீடும் அதைச் சுற்றிப் பத்து சென்டும் உங்களுக்கே என்று ஆயிற்று. என் அப்பா நெய்யாற்றின்கரைக்கு வக்கீலிடமும் ஆபீசுக்கும் நடையாய் நடந்து தோற்றார். கவர்ன்மென்ட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், சட்டத்தை வாசித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தவர். அதனாலேயே தோல்வி அவருக்குக் கூடுதலாக எரிந்தது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்வார்: "மண்ணை சர்க்கார் குடுத்தாச்சு. கைச்சுத்தத்தை ஆரு குடுப்பா அவனுவளுக்கு?" நான் சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். மறுநாள் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்காருவேன். இரண்டும் எனக்கு ஒன்றுக்கொன்று இடிக்கவில்லை. காதில் விழுகிறதெல்லாம் எங்கே போய்த் தங்கும் என்று அந்த வயதில் யாருக்குத் தெரியும்?

பிறகு நான் மேலே மேலே படித்தேன். நீ பி.எஸ்சி.யோடு நின்று, பாலராமபுரத்தில் ஒரு சாயப்பட்டறையில் நூல் கழுவுகிற வேலைக்குப் போனாய். நகரத்து ஆய்வகம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்து, அங்கே கழுவுவதற்கு ஆள் தேடியபோது உன் நினைப்பு வந்தது. தற்காலிக வேலைதான், ஒழுங்காகச் செய்தால் நிரந்தரமாக்குவார்கள் என்று சொல்லி உன்னைக் கூட்டிப் போனேன். பாறசாலையில் காலை ரயில் ஏறும்போது நான் உனக்கு 'எலே'. நகரத்தில் இறங்கியதும் 'சார்'. மாலையில் திரும்ப ரயில் ஏறினால் மறுபடியும் 'எலே'. ஒருநாள்கூட உனக்கு வாய் தவறியதில்லை.

அங்கே நாம் செய்தது என்ன என்று உன் மகளுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். சில உலோகங்களைக் கடுங்குளிரில் வைத்தால் அவற்றில் மின்தடையே இல்லாமல் போகும். மீக்கடத்தி என்று பெயர். நாம் எடுத்துக்கொண்டது நியோபியம். கண்ணாடி போன்ற சஃபையர் தகட்டின்மேல் அதை மெல்லிய படலமாகப் படியவைத்து, அந்தப் படலத்தைச் செதுக்கி வளைந்து வளைந்து போகும் ஒரு கோடாக்கி, திரவ ஹீலியத்தில் முக்கி, அந்தக் கோட்டில் மின் அலையை அதிர விடுவோம். அதுதான் ஒத்ததிர்வி. மணியை அடித்தபின் ஓசை எவ்வளவு நேரம் நிற்கிறதோ அதைப் போல, அலை எவ்வளவு நேரம் அடங்காமல் நிற்கிறது என்று அளப்போம். நெடுநேரம் நின்றால் நல்ல படலம். சட்டென்று அடங்கினால் எங்கோ பழுது.

அந்தப் பழுது பெரும்பாலும் படலத்தில் இருக்காது. படலத்துக்கு அடியில் இருக்கும். தகட்டில் ஒரு துளி எண்ணெய்ப் பிசுக்கோ தூசோ தங்கிவிட்டால், அதன்மேல் படிகிற உலோகம் சரியாக உட்காராது. அலையின் ஆற்றலை அந்த இடம் உறிஞ்சிக்கொள்ளும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. முதல் நாளே கேட்டுவிட்டு, "நூலுல கஞ்சி போவல்லன்னா சாயம் திட்டுத் திட்டாத்தான் பிடிக்கும் சார். அந்த நியாயம் ஆக்கும் இதும்" என்றாய்.

சோப்பு நீர், அசிட்டோன், ஆல்கஹால், அமிலம், அயனி நீக்கிய நீர் என்று வரிசையாக ஏழு பீக்கர். ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் என்பதற்கு உனக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை, ஏதோ ஒரு ஞானப்பாட்டை முணுமுணுத்தே நேரத்தைக் கணக்காக்குவாய். கடைசிக் கழுவலுக்கு முன் தகட்டை இடுக்கியால் ஓரத்தில் பிடித்து, மெல்ல ஊதுவாய். ஊதுவது என்றால் வாயைத் திறந்து விடுகிற வெம்மூச்சு. சுத்தமான இடத்தில் அந்த ஈரம் ஒரே சீராகப் படிந்து கண்ணுக்குத் தெரியாமல் ஓடிவிடும். அழுக்குள்ள இடத்தில் வெளுத்த திட்டாக நிற்கும். ஒரு திட்டு தெரிந்தாலும் முதல் பீக்கரிலிருந்து மறுபடியும் தொடங்குவாய். எல்லாம் சரியாக இருந்தால் "வெடிப்பு" என்பாய். நம் பக்கத்தில் சுத்தத்துக்கு அதுதானே சொல். நெல்லைக்காரர் ஒருவர் அதைக் கேட்டு, எங்கே வெடிப்பு விட்டிருக்கிறது என்று தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது நினைவிருக்கிறதா?

கழுவிய தகடுகளை மூடிய கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து என்னிடம் தருவாய். அவற்றை எடுத்து, படலம் படியவைக்கும் வெற்றிடக் கருவியின் தட்டில் சின்னக் கவ்விகளால் பொருத்துவது என் வேலை. அதை உனக்குத் தரமாட்டேன். நுணுக்கமான வேலை, படித்தவன் செய்கிற வேலை என்று எனக்கு ஒரு மிதப்பு. முகத்தை ஒரு சாண் தொலைவுக்குக் கொண்டுபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, பத்து நிமிடம் குனிந்திருப்பேன்.

முதல் ஆண்டு முழுவதும் தோல்வி. ஹீலியம் தொலைவூரிலிருந்து லாரியில் மாதம் ஒருமுறை வரும். வந்த மறுநாளே அளந்தாக வேண்டும், தாமதித்தால் காற்றோடு போய்விடும். ஒவ்வொரு மாதமும் அளந்தோம். ஒவ்வொரு மாதமும் அலை எழும்பிய வேகத்தில் அடங்கியது. உருப்பெருக்கியில் பார்த்தால் படலத்தில் ஊசி குத்தியதுபோலத் துளைகள்.

ஒருநாள் மாலை ரயிலில், நெய்யாற்றின்கரை தாண்டியபோது, நீ சொன்னாய். அந்தப் பேச்சை எழுத்துக்கு எழுத்து வைத்திருக்கிறேன்.

"எலே, சொன்னா கோவப்படாதே. நீ குனியும்போ உனக்க நெற்றியில இருந்து திருநீறு உதிருது. ஒரு துணியைக் கெட்டிக்கிட்டுக் குனிஞ்சா என்ன?"

எங்கள் வீடு சைவ வீடு. குளித்துவிட்டு மூன்று பட்டை போடாமல் நான் காப்பி குடித்ததில்லை. ரயிலில் எதிரே இருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு மண்டைக்குள் சுர்ரென்றது.

"உங்க பாதிரி சொல்லி விட்டாரா, நெற்றியை அழிச்சிட்டு வரச் சொல்லி?" என்றேன்.

"நான் பொடியைத்தான் சொன்னேன் மக்கா. சாமியைச் சொல்லல்ல" என்றாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. அறிவியல் படித்தவனிடம் அறிவியல்தான் பேசினாய். நான்தான் அதை மதம் ஆக்கினேன். அதற்குள் என் அப்பாவின் குரல் வேறு.

ஆறு வாரம் கழித்து ஆய்வகத் தலைவர் கூப்பிட்டார். ஓராண்டு ஹீலியத்தைக் காற்றில் விட்டிருக்கிறீர்கள், பிழை எங்கே என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. 'தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்' என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை. அதைச் சொல்ல ஐந்து நொடி ஆகியிருக்கும். நான் சொன்னது வேறு. "கழுவுவதில்தான் சார். அவன் கையில் அந்த அளவுக்குச் சுத்தம் போதாது."

வாசலில் நீ நின்றிருந்தாய். புதிதாகக் கழுவிய தகடுகளைத் தட்டில் ஏந்திக்கொண்டு. கேட்காததுபோல நடிக்கக்கூட உனக்கு இடமிருக்கவில்லை, கதவு அவ்வளவு பக்கம். தலைவர் உன்னைப் பார்த்து, நீ ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். திருநீற்றைச் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும், நான் அன்றைக்கே கவிழ்ந்திருப்பேன். நீ என் நெற்றியைப் பார்த்தாய். பிறகு தட்டை மேசையில் வைத்துவிட்டு, "ஒண்ணும் இல்ல சார்" என்றாய்.

என்னைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாயா, இல்லை, இவனிடம் இனி என்ன பேச்சு என்று விட்டாயா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாதக் கடைசியோடு உன் வேலை முடிந்தது. போகும்போது ஒரு தகட்டை எடுத்து, "இதை நான் வச்சுக்கிடட்டா?" என்று மட்டும் கேட்டாய். நான் தலையாட்டினேன். கல்ஃபில் தம்மாமில் இருந்த உன் மச்சான் விசா அனுப்பினான். நீ புறப்பட்ட அன்று எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்று, "வாறேன் மக்கா" என்றாய். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. அப்பா உள்ளே இருந்தார் என்பது ஒரு சாக்கு. அவர் இல்லாமல் இருந்தாலும் எனக்கு உன் முகத்தைப் பார்க்கத் தெம்பு இருந்திருக்காது.

அங்கிருந்து ஒரு கடிதம் போட்டாய். "இங்கயும் எனக்கு கழுவுத வேலை மாதிரி தான். பெரிய பெரிய இரும்புக் குழாய். மணலைக் காற்றில் அடிச்சு துரு எல்லாம் போக்கணும், அப்பம் தான் பெயின்ட் பிடிக்கும். நம்ம படலத்துக்கும் இதுக்கும் ஒரே நியாயம். முகத்துக்கு ஒரு துணி கட்டிக்கிடுவோம். மணல் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யுது." இதை வாசித்துவிட்டு நீ சுகமாக இருக்கிறாய் என்று நான் சமாதானம் பண்ணிக்கொண்டேன்.

இனிதான் நான் உன்னிடம் சொல்லாதது வருகிறது.

நீ போனபிறகு நானே கழுவினேன். உன் முறைப்படியே, ஏழு பீக்கர், மூச்சு எல்லாம். அப்போதும் தோல்வி. பிறகு என் பெரியப்பா இறந்தார். எங்கள் வீட்டில் பதினாறு நாள் புலை. தீட்டு நாள் என்பதால் பூஜை அறையைப் பூட்டிவிட்டார்கள், திருநீற்றுக் கிண்ணம் அதற்குள். வேலைக்குப் போகத் தடையில்லை. வெறும் நெற்றியோடு போனேன். அந்தப் பதினாறு நாளில் மூன்று தகடுகளில் படலம் படியவைத்தேன். அந்த மாதத்து ஹீலியமும் அதற்குள் வந்தது.

மூன்றிலும் அலை அடங்காமல் நின்றது. முதல் தகட்டில் அலையை விட்டுவிட்டு, அது அடங்கும் கோடு திரையின் ஓரத்தையும் தாண்டி நீண்டதைக் கண்டு, கருவி கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். இதுவரை வந்ததைப்போல ஐம்பது மடங்குக்கு மேல். எல்லோரும் வந்து கைகுலுக்கினார்கள். மாலை ரயிலில் எதிர் இருக்கை காலியாக இருந்தது. நெய்யாற்றின்கரை தாண்டியதும் கை தானாக நெற்றிக்குப் போனது. அப்போது புரிந்துவிட்டது. என் வீட்டார் என்னை அசுத்தம் என்று விலக்கி வைத்திருந்த நாட்களில்தான் என் தகடு சுத்தமாக இருந்திருக்கிறது.

அப்படி இருக்காது, இருக்கக்கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாதபோது சோதித்தும் பார்த்தேன். ஒரு தகட்டின் அருகே பட்டை போட்ட நெற்றியோடு குனிந்தேன். இன்னொன்றின் அருகே நெற்றியைக் கழுவிவிட்டுக் குனிந்தேன். முதலாவதில் அதே ஊசித் துளைகள். இரண்டாவதில் ஒன்றுகூட இல்லை. சோதனையில் நான் நேர்மையானவன். அதோடு சரி.

அன்றைக்கு நீ தம்மாம் போய் எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. உன் இடத்துக்கு ஆய்வகத்தில் வேறு ஆள் போடவில்லை. தலைவரிடம் போய் 'பிழை என்னுடையது, அவனைக் கூப்பிடுங்கள்' என்று சொல்லியிருக்கலாம். உனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாம். எட்டு மாத மணல்தான் அப்போது உன் நெஞ்சில் இருந்திருக்கும். நான் என்ன செய்தேன்? கட்டுரை எழுதினேன். அடித்தளத் தகட்டைத் தயார் செய்யும் விதம் ஒத்ததிர்வியை எப்படிப் பாதிக்கிறது என்று விரிவாக எழுதினேன். உன் மூச்சுச் சோதனை அதில் இருக்கிறது. பொருத்தும்போது காற்றுத் தூசு விழாமல் மேம்பட்ட முறையில் கையாண்டதாக ஒரு வரி இருக்கிறது. உன் பெயர் இல்லை. திருநீறும் இல்லை. அந்தக் கட்டுரையால்தான் எனக்குப் பதவி உயர்வு வந்தது. வெட்கக்கேடு என்ற சொல்லைப் பிறரைத் திட்டத்தான் பயன்படுத்தி வந்தேன். அது எனக்கென்றே இருந்த சொல்.

அந்த ஞாயிற்றுக்கிழமையோடு நெற்றியில் இடுவதை நிறுத்திவிட்டேன். தோல் ஒவ்வாமை, டாக்டர் சொன்னார் என்று அம்மையிடம் ஒரு பொய். அவள் சாகும்வரை என் நெற்றியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். அக்கம்பக்கத்தில் நான் சாமி இல்லை என்கிற கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்று பேசிக்கொண்டார்கள். சேர்ந்திருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

பதினான்கு வருஷம் கழித்து நீ திரும்பி வந்தாய். உன் பத்து சென்டில் புது வீடு கட்டியிருந்தாய். அதில் ஏறி நடக்க உனக்கு மூச்சு இல்லை. நான் வந்தது ஒரே முடிவோடு. இன்றைக்குச் சொல்லிவிடுவது. நீ கட்டிலில் தலையணைகளைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாய். உன் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள், பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்தாள். நீ தலையணைக்கு அடியிலிருந்து இந்தத் தகட்டை எடுத்து, ஓரத்தில் பிடித்து, வாயைத் திறந்து மூச்சு விட்டுப் பார்த்தாய். இருமல் வந்துவிட்டது. தகட்டில் ஒன்றும் படியவில்லை.

"நீ ஒண்ணு ஊது மக்கா" என்று நீட்டினாய்.

ஊதினேன். வெளுத்த திட்டுகளாக நின்றது. அதை உற்றுப் பார்த்துவிட்டு, "கழுவணும்" என்றாய். பிறகு தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாய்.

"நெற்றி சும்மா கெடக்கே. எப்பம் விட்டே?"

"நீ போன மறுவருஷம்" என்றேன்.

நீ கணக்குப் போட்டது எனக்குத் தெரிந்தது. எந்த வருஷம், எந்தப் பதவி உயர்வு, எல்லாம். உனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு வசவு, ஒரு முறைப்பு, எதற்கும் நான் தயாராக இருந்தேன். நீ கேட்டது இதுதான்: "அம்மை வருத்தப்பட்டிருப்பாளே?"

நெற்றியே சொல்லிவிட்டது, இனி நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு கோழைத்தனம். சாயாவைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மூன்றாம் வாரம் உன்னை சர்ச் பின்னால் அடக்கம் செய்தார்கள். கூட்டத்தின் கடைசியில் நின்றேன்.

இன்று காலை மருந்துக்கடையில் அசிட்டோனும், பாட்டரி கடையில் காய்ச்சி வடித்த நீரும் வாங்கி வந்தேன். உன் ஏழு பீக்கருக்கு எங்கள் வீட்டில் கிடைத்தது நான்கு தம்ளர்கள்தான். உன் பாட்டு எனக்குத் தெரியாது, கடிகாரம் பார்த்துத்தான் கழுவினேன். முதல் தடவை ஊதியபோது திட்டு நின்றது. இரண்டாவது தடவையும் நின்றது. ஆறாவது தடவை மூச்சு ஒரே சீராகப் படிந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது.

சாயங்காலம் வெள்ளறடை பஸ்ஸில் ஏறி உன் மகள் வீட்டுக்குப் போகிறேன். தகட்டை அதே வெண்ணெய்த்தாளில் மடித்திருக்கிறேன். இந்த மடலையும் கூடவே எடுத்துப் போகிறேன். என் வாயை நான் நம்பவில்லை, பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்தாலும் வருவேன், அவளைக் கண்டதும் கல்ஃப் சம்பளம் என்று மறுபடியும் தொடங்கினாலும் தொடங்குவேன். அதனால் அவளிடம் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன். அம்மா, உன் அப்பா அந்த வேலையை விடவில்லை. அவர் கை சுத்தமில்லை என்று ஒருவன் சொன்னதால் போனது. சொன்னவன் நான். அழுக்கு என் நெற்றியில் இருந்தது. அதை அவர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார்.

மடலை முதலில் அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் வாசித்து முடிக்கும்வரை வாசலிலேயே நிற்பேன். உள்ளே வா என்று சொல்வதும் சொல்லாததும் அவள் இஷ்டம்.